பழுது எங்கே பிறக்கிறது? பின்னலாடைத் தொழிலில் தர மேம்பாட்டு முறைகள்

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் நூல் மில், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று குறைந்தது ஆறு இடங்களைத் தாண்டுகிறது. பெரும்பாலும் ஆறுக்கும் ஆறு முதலாளிகள். ஒவ்வோர் இடமும் 100க்கு 97 சரியாகச் செய்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத வேலை. ஆறையும் கோத்துப் பெருக்கினால் 100க்கு 83தான் தேறுகிறது. மீதி 17 பீஸும் ஏதோ ஒரு குறையோடு கடைசி செக்கிங் மேஜைக்கு வந்து நிற்கின்றன. கப்பல் தேதி நெருங்கும்போது பனியன் கம்பெனிகள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: செக்கர்களைக் கூட்டுவது.

ஜவுளித் தொழிலில் பழுதைக் குறைக்க ஒரு நூற்றாண்டாகப் பல முறைகள் வந்திருக்கின்றன. கட்டுப்பாட்டு வரைபடம், பரேட்டோ பட்டியல், மீன்முள் வரைபடம், தரவட்டங்கள், லீன், சிக்ஸ் சிக்மா எல்லாம் கல்லூரிப் பாடத்தில் இருக்கின்றன. ஆலோசகர்களின் கைப்பையிலும் இருக்கின்றன. இவற்றில் எது பழுதை உண்மையாகக் குறைக்கிறது, அதற்கு என்ன சான்று, நம் ஊரில் ஏன் ஒட்டுவதில்லை என்பவையே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறைகள் நல்லவை. ஆனால் அவை ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும் தொழிலை மனத்தில் வைத்து உருவானவை. பழுதைப் பற்றிய சேதி அது பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் வரைதான் அவற்றுக்கு உயிர்.

பழுதின் பிறப்பிடத்திலிருந்து தொடங்குவோம். பருத்திக் காட்டில் பஞ்சு எடுத்துப் பழைய உரச்சாக்கில் அடைக்கும்போதே பாலிப்ரொப்பிலீன் இழைகள் அதில் கலந்துவிடுகின்றன. தலைமுடி, சணல், நிறத்துணித் துணுக்கு எல்லாம் சேர்கின்றன. இந்தியப் பருத்திக்கு இந்த விஷயத்தில் உலகச் சந்தையில் நீண்ட காலமாகவே நல்ல பெயர் இல்லை. 2000இல் மத்திய அரசு தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப இயக்கத்தின் வேலைகளில் ஜின்னிங் ஆலைகளையும் பருத்திச் சந்தைகளையும் சீர்படுத்துவதும் ஒன்று. மில்லில் ஆட்களை வைத்துப் பொறுக்குகிறார்கள், ப்ளோரூமில் கேமரா வைத்து ஊதித் தள்ளுகிறார்கள், ஆட்டோகோனரில் கிளியரர் வைத்து வெட்டுகிறார்கள். இத்தனைக்கும் தப்பிய ஒரு வெள்ளை பாலிப்ரொப்பிலீன் இழை வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். துணியைக் கருநீலத்தில் முக்கியதும், சாயம் ஏறாத அந்த இழை பளிச்சென்று வெளியே வரும். பிறந்தது காட்டில், தெரிந்தது சாயப்பட்டறையில், பணத்தை இழந்தது ஏற்றுமதியாளர்.

நூலின் ஏற்றத்தாழ்வு வேறு வகை. தடித்த இடம், மெலிந்த இடம், நெப் என்னும் இழை முடிச்சு ஆகிய மூன்றையும் எண்ணிச் சொல்லும் கருவிகள் மில்களில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நிறுவனம் 1957 முதல் உலக நூல்களின் தர அளவுகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. தன் நூல் உலக வரிசையில் எங்கே நிற்கிறது என்று மில்காரர் பார்த்துக்கொள்ளலாம். ஜவுளிச் சங்கிலியில் அளவீடு நன்றாக வேரூன்றிய இடம் நூற்பாலைதான். அதற்குக் காரணம் உண்டு. மில் பெரியது, ஒரே நிர்வாகம், வாங்குபவரும் விற்பவரும் பேசுவதற்குப் பொதுவான எண்கள் இருக்கின்றன. இந்த வசதி அடுத்த கட்டத்திலேயே தேய ஆரம்பிக்கிறது.

நிட்டிங்கில் 30 அங்குல டையா, 24 கேஜ் மெஷின் என்றால் சுற்றிலும் ஏறத்தாழ 2,260 ஊசிகள். அவற்றில் ஒன்றின் கொக்கி வளைந்தால் துணி நெடுக ஒரு கோடு விழும். அதுதான் நீடில் லைன். ஒரு ரோல் 20 முதல் 25 கிலோ. அதில் சுமார் 100 டி-ஷர்ட் வெட்டலாம். மெஷின்காரர் பத்து நிமிடம் கவனிக்காமல் விட்ட ஊசி, இரண்டு வாரம் கழித்துத் தையல் லைனில் முழு பண்டலையும் நிறுத்துகிறது. இரண்டு லாட் நூலைக் கலந்து ஏற்றினால் சாயத்துக்குப் பிறகு குறுக்கு வரிகள் தெரியும். நூல் அறுந்தால் மெஷின் தானே நிற்கச் சென்சார் இருக்கிறது. கூலி கிலோ கணக்கில் இருக்கும் இடத்தில், அடிக்கடி நிற்கிறது என்று அதை அணைத்துவிட்டு ஓட்டுவதும் தொழிலில் புதிதல்ல.

சாயப்பட்டறையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம், உப்பின் அளவு, சோடா போடும் நேரம், வெப்பநிலை, தண்ணீரின் கடினம், தண்ணீருக்கும் துணிக்கும் உள்ள விகிதம் ஆகிய எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டது. லேபில் ஐந்து கிராம் துணியில் பிடித்த நிறம் 500 கிலோ லாட்டில் அப்படியே பிடிப்பதில்லை. நிறம் தவறினால் மேல்சாயம் போடுகிறார்கள். அதிலும் சரிவராவிட்டால் ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் போட்டு நிறத்தை உரித்து மறுபடி முக்குகிறார்கள். துணியின் வலு குறையும், மேல்பரப்பு பிசிறும், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கான எடை) மாறும். அதாவது ஒரு பழுதை நீக்கும் வேலையே மூன்று பழுதுகளைப் பெறுகிறது.

இதோடு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்று காட்டியவைதான் திறந்தன. நொய்யல் ஆற்றுக்கு அது தேவையாக இருந்தது. தொழில் நோக்கில் பார்த்தாலும் அந்த உத்தரவுக்குப் பிறகு மறுசாயம் மிகவும் விலை கூடிய தவறாகிவிட்டது. கூடுதலாக முக்கும் ஒவ்வொரு லாட்டின் உப்புத் தண்ணீரையும் சவ்வு வழி வடித்து, மீதியைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். முதல் தடவையிலேயே நிறம் பிடித்த லாட்டுகள் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணைத் தினமும் பார்க்கும் பட்டறை, தரத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு சாயப்பட்டறைக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் அனுமதி என்றால் நான் இதைத்தான் தேர்வேன்.

தையலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தையல் விட்டுப்போதல், ஊசித் துளை, எண்ணெய்க் கறை, அளவு மாற்றம், பிசிறு நூல் என்று பட்டியல் எல்லோருக்கும் தெரிந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் தையல் பழுதே நிறைந்திருப்பதற்குக் காரணம், செக்கிங் மேஜை அங்கே இருக்கிறது என்பதுதான். வெளிச்சம் இருக்கும் இடத்தில்தான் தேடுகிறார்கள்.

இனி முறைகள். இவை மோட்டார் தொழிற்சாலையிலிருந்து ஜவுளிக்கு இறக்குமதியானவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு பாதி நேர்மாறானது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தவறு நடந்த கணத்தில் வேலை நிற்க வேண்டும் என்ற கொள்கை அதிலிருந்துதான் டொயோட்டா கார் தொழிற்சாலைக்குப் போய் ‘ஜிடோகா’ என்ற பெயரில் உலகம் சுற்றி வந்தது. திருப்பூரில் சென்சாரை அணைக்கும் கை, அந்த நூற்றாண்டுப் பழைய தறியின் அறிவைத்தான் அணைக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஷெர்லி ஆய்வகத்தில் இருந்த எல்.எச்.சி. டிப்பெட், தறிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதை அறிய, நேரம் குறிக்காமல் அவ்வப்போது ஒரு சுற்று வந்து எண்ணும் முறையை வகுத்தார். இன்று பல தொழில்களிலும் இருக்கும் வேலை மாதிரிக் கணிப்புக்கு அது மூலம்.

ஜவுளிக்கு வெளியே பிறந்தவற்றில் முக்கியமானது வால்டர் ஷூஹார்ட்டின் கட்டுப்பாட்டு வரைபடம். 1924இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்புக்குள் ஒற்றைப் பக்கக் குறிப்பாக எழுதப்பட்டது. புள்ளியியலாளர் மகாலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் 1947-48இல் இந்தியா வந்தார். இந்தியப் புள்ளியியல் கழகம் தரக் கட்டுப்பாட்டுப் பணியைப் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. கோவையிலும் அதன் பிரிவு அமைந்தது. அகமதாபாத்தில் 1947இல் அடிராவும், கோவையில் 1956இல் சிட்ராவும் மில்களின் கூட்டு ஆய்வகங்களாக எழுந்தன. ஆக, நம் ஜவுளித் தொழிலுக்குத் தர அறிவியல் நேற்று வந்த விருந்தாளி இல்லை. ஆனால் அது மில்களோடு நின்றுவிட்டது; பனியன் கம்பெனிகளின் வாசலைத் தாண்டவில்லை.

அந்த வரைபடம் என்ன சொல்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு தையல் லைனில் தினம் 200 பீஸ் பார்க்கிறார்கள். பழுதுள்ளவை சராசரியாக 6 சதவீதம். எதுவுமே மாறாமல் இருந்தாலும் இந்த எண் ஏறத்தாழ 1 முதல் 11 சதவீதம் வரை தானாகவே ஏறி இறங்கும். திங்கள்கிழமை 9 வந்தது என்று சூப்பர்வைசரைத் திட்டுவதும், செவ்வாய்க்கிழமை 4 வந்தது என்று தட்டிக்கொடுப்பதும் ஒரே அளவுக்கு அர்த்தமற்றவை. 12 வந்தால் காரணம் தேட வேண்டும். 9க்குத் தேடினால் இல்லாத காரணம் கிடைக்கும். கிடைத்த காரணம் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த டெய்லராக இருக்கும்.

ஏற்றுமதியில் எல்லோரும் நம்பும் ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 மாதிரிச் சோதனையையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். 3,000 பீஸ் கொண்ட லாட்டில் 125ஐ எடுக்கிறார்கள். 7 வரை பழுது இருந்தால் பாஸ், 8 என்றால் ஃபெயில். உண்மையில் 5 சதவீதம் பழுதுள்ள ஒரு லாட் இந்தச் சோதனைக்கு வந்தால் பத்தில் ஏழு தடவை பாஸ் ஆகிவிடும். ஃபெயில் ஆன லாட்டை மறுபடி செக் செய்து வைத்தால் அதிர்ஷ்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு. படுமோசமான சரக்கைத் தடுப்பதற்கு இது ஏற்ற கருவிதான். தரத்தை உயர்த்த இதனால் ஆகாது. அதற்காக இதை உருவாக்கவும் இல்லை.

சிக்ஸ் சிக்மாவின் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1986இல் மோட்டரோலாவில் பிறந்த இந்த முறை, தவறு நேர வாய்ப்புள்ள இடங்களை எண்ணச் சொல்கிறது. ஒரு டி-ஷர்ட்டில் அப்படி 20 இடங்கள் என்று வைத்தால், 100 பீஸில் 8 பழுது என்பது பத்து லட்சம் வாய்ப்பில் 4,000 ஆகிவிடும். அட்டவணையில் பார்த்தால் 4 சிக்மாவுக்கும் சற்று மேல்! வாய்ப்பு 40 என்று எழுதினால் இன்னும் உயரும். துணியில் ஒரு தையலும் மாறவில்லை. இந்த முறையின் சிக்கல் வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, காத்துக்கொள் என்னும் ஐந்து படிகளில் இல்லை. அவை நல்ல படிகள். பெருமைக்காகச் சொல்லப்படும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

இந்தியா, வங்கதேசம், இலங்கை, எத்தியோப்பியா என்று பல நாடுகளிலிருந்து ஆடைத் தொழிற்சாலைப் பழுது குறைப்புப் பற்றிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. ஒரு தொழிற்சாலை, ஒன்றிரண்டு லைன், சில மாதங்கள். பரேட்டோ பட்டியல் போட்டால் மூன்று நான்கு வகைப் பழுதுகளே பெரும்பங்கு என்று தெரிகிறது. மீன்முள் வரைந்து ஆள், இயந்திரம், பொருள், முறை என்று காரணம் பிரிக்கிறார்கள். ஊசி மாற்றுகிறார்கள், கைடு பொருத்துகிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். 100 பீஸுக்கு இத்தனை பழுது என்ற டிஎச்யு எண் இறங்குகிறது; கட்டுரை முடிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க முறை புகுத்தாத இன்னொரு லைன் இருப்பதில்லை. மிக மோசமான மாதத்தில்தான் ஆய்வைத் தொடங்குவார்கள். அடுத்த மாதம் எப்படியும் சற்று நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாலே டெய்லர் நிதானமாகத் தைப்பார். ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சான்றாக எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அதுவும் இந்திய ஜவுளியிலிருந்தே வந்தது. நிக்கோலஸ் ப்ளூம், பென் ஐஃபர்ட், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கன்சி, ஜான் ராபர்ட்ஸ் ஆகிய ஐவர் மும்பைக்கு அருகே தாராபூர், உம்பர்காவ் பகுதிகளில் 17 நிறுவனங்களின் 28 நெசவு ஆலைகளில் நடத்திய சோதனை 2013இல் வெளிவந்தது. சீட்டுக் குலுக்கிய மாதிரிப் பிரித்து, சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் ஆலோசகர்களின் முழு உதவி. ஒப்பீட்டு ஆலைகளுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். அங்கே துணியை ஒளிமேஜையில் விரித்துக் குறை தேடிச் சரிசெய்வதற்கே ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இருந்தார். ஆலோசகர்கள் புகுத்தியவற்றில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பழுதைத் தினமும் வகைவாரியாக, தறிவாரியாக, நெசவாளர்வாரியாகக் குறிப்பது, காலையில் பொறுப்பாளர்கள் கூடி அதைப் பார்ப்பது, தறிப் பராமரிப்புக்குப் பதிவேடு, தரையைக் கூட்டுவது, நூல் இருப்பை அடுக்கி வைப்பது. முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. பழுதும் கணிசமாக இறங்கியது.

இவ்வளவு எளிய வேலையை முதலாளிகள் முன்பே ஏன் செய்யவில்லை? ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று நம் ஊரிலும் கேட்பதுதான்: பக்கத்து ஆலையைவிட நம் சரக்கு ஒன்றும் மோசமில்லையே. எண்ணிப் பார்க்காதவருக்குத் தன் நிலை எப்போதும் சராசரியாகவே தெரியும்.

அதே ஆலைகளுக்குப் பல ஆண்டு கழித்து அவர்களில் நால்வர் மறுபடி போனார்கள். அந்த முடிவு 2020இல் வெளியானது. புகுத்திய பழக்கங்களில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர்கள் மாறிப்போனதும், இயக்குநர்களுக்கு நேரம் இல்லாததும் முக்கியக் காரணங்கள். அப்படியும் ஒப்பீட்டு ஆலைகளைவிட இவை முன்னேதான் நின்றன. ஆலோசகர்கள் மேற்கோள் காட்ட வேண்டியது இந்த இரண்டாம் ஆய்வைத்தான்.

ஆனால் அவை ஒரே முதலாளியின் கீழ் இயங்கிய நெசவு ஆலைகள். பழுது குறிக்கும் புத்தகமும் தறியும் ஒரே கட்டடத்தில் இருந்தன. இலங்கையில் மாஸ் நிறுவனம் டொயோட்டா முறையைத் தழுவித் தனக்கென ஓர் உற்பத்தி முறையை வகுத்துக்கொண்டதும் பெரிய கூரைகளுக்குக் கீழேதான். திருப்பூரின் பலமே சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. சீசனில் ஆர்டர் குவிந்தால் பத்துப் பவர் டேபிள் தையல் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். அதே சிதறல் பழுதின் சேதியை விழுங்குகிறது. துணி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது கூடப் போவது டெலிவரி சலான். அதில் கிலோ இருக்கும், டையா இருக்கும், நிறம் இருக்கும். எந்த மெஷின், எந்த ஷிப்ட், எந்த நூல் லாட் என்பது பெரும்பாலும் இருக்காது. திரும்பி வருவதோ டெபிட் நோட்டு. அதில் ரூபாய் இருக்கும், காரணம் இருக்காது. நிட்டிங்காரர் சாயத்தின் மேல் சொல்வார். சாயக்காரர் நூலின் மேல் சொல்வார். கடைசியில் எல்லோரும் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்து அடுத்த ஆர்டருக்குப் போய்விடுவார்கள். தகராறு தீர்ந்தது, காரணம் அப்படியே இருக்கிறது.

கூலி முறையும் சேர்ந்துகொள்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் சிங்கர்காரர், துணியில் நீடில் லைனைப் பார்த்தால் நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கலாம். நிறுத்தினால் போவது அவர் கூலி. தைத்துத் தள்ளினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தொழிலாளர்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் என்ற நிலையில், அந்தத் தமிழ் எழுத்தை அவர்களால் படிக்கவும் முடியாது. நல்ல பீஸையும் பழுதான பீஸையும் அருகருகே தொங்கவிட்டுக் காட்டும் பலகை ஆயிரம் வாசகங்களைவிடப் பயன்படும். நிறுத்திச் சொன்ன நேரத்துக்குச் சராசரிக் கூலி உண்டு என்ற ஒரு விதி, எந்தச் சிக்ஸ் சிக்மா ‘பெல்ட்’ தகுதியையும்விடப் பழுதைக் குறைக்கும் என்பது என் கணிப்பு.

பழுதுக்குச் சந்தை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதியில் கழிந்ததும் மிஞ்சியதும் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகின்றன. நாடு முழுவதிலுமிருந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் அதில் வாழ்கின்றன, நல்லதுதான். ஆனால் கழிவு உடனே காசாகும் ஊரில் அதன் உண்மையான விலை கணக்கில் தெரிவதில்லை. செகண்ட்ஸ் விற்ற தொகை வரவில் எழுதப்படுகிறது; அந்தப் பீஸுக்குப் போன நூலும் சாயமும் தண்ணீரும் எங்கும் செலவாக எழுதப்படுவதில்லை.

கேமராவும் செயற்கை நுண்ணறிவும் இதையெல்லாம் மாற்றிவிடும் என்கிறார்கள். நிட்டிங் மெஷினுக்குள்ளேயே துணியைப் பார்த்துக் கோடு விழுந்ததும் நிறுத்தும் கருவிகள் வந்துவிட்டன. செக்கரின் களைப்பு அவற்றுக்கு இல்லை. ஆனால் அது நிறுத்துவதை மதிக்கும் கூலி முறை இல்லாவிட்டால் பழைய சென்சாருக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். பழுதும் பாதிப்பும் பூஜ்யம் என்பதை இலக்காகக் கொண்ட மத்திய அரசின் ‘இசட்இடி’ சான்றிதழ் திட்டம் 2016இல் தொடங்கி 2022இல் புதுப்பிக்கப்பட்டது. சிறு பட்டறைகளுக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. அதுவும் ஒவ்வொரு பட்டறையையும் தனித்தனியாகத்தான் மதிப்பிடுகிறது. ஆறு பட்டறைகளும் வெண்கலச் சான்றிதழை மாட்டி வைத்திருந்தாலும், நூல் லாட் எண் சலானில் ஏறாவிட்டால் தொடக்கத்தில் சொன்ன அந்த 83 அப்படியே நிற்கும்.

ஆகவே திருப்பூருக்குத் தேவையான ஆய்வு இன்னும் நடக்கவில்லை என்றே சொல்வேன். ஒரு தையல் லைனில் இன்னொரு மீன்முள் வரைவதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. நூலிலிருந்து பேக்கிங் வரை இருபது சங்கிலிகளை எடுக்க வேண்டும். குலுக்கிப் போட்டுப் பத்தில் மட்டும், ஒவ்வொரு ரோலோடும் நூல் லாட், மெஷின், ஷிப்ட், சாய லாட் எழுதிய அட்டை கடைசி வரை போக வேண்டும். செக்கிங் மேஜையில் கண்ட துணிப் பழுது இரண்டு நாளுக்குள் அட்டையில் உள்ள பட்டறைக்குப் படத்தோடு திரும்ப வேண்டும்; அந்தச் சேதிக்காக யாருக்கும் டெபிட் போடக் கூடாது. ஒரு சீசன் முழுக்க இருபதையும் ஒரே அளவுகோலில் அளந்து, அடுத்த ஆண்டு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். அட்டையும் பேனாவும் கைப்பேசியும் போதும், செலவு பெரிதில்லை. இதைச் செய்ய சிட்ராவுக்கும் கோவை, திருப்பூர்க் கல்லூரிகளுக்கும் ஆளும் அறிவும் இருக்கின்றன. வேண்டியவர்கள், செக்கிங் பதிவேட்டைத் திறந்து காட்டச் சம்மதிக்கும் இருபது முதலாளிகள். ஏற்றுமதியாளர் சங்கம் தன் அடுத்த கூட்டத்தில் அந்த இருபது பேரின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும்.